துறைச் சங்கத்தில் 'தலைமைப் பண்பு' பயிலரங்கு: 40,000 ரூபாயை என்ன செய்வது?

சங்கச்செயலர் | செவ்வாய், இரவு 10.42

வணக்கம். கொங்குப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஈசிஈ (மின்னணு, தகவல் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த வருடம் துறைச் சங்கத்துக்கு நான்தான் செயலர். 'வேலைவாய்ப்பும் தலைமைப் பண்பும்' என்று இரண்டு நாள் பயிலரங்கு ஒன்று நடத்தச் சொல்லியிருக்கிறார் எங்கள் துறைத் தலைவர் (எச்ஓடி). சங்க நிதியில் 40,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனத்திடம் கேட்டேன். 35,000 ரூபாய், வந்து போகும் செலவு தனி, சான்றிதழ் அவர்களே அடித்துத் தருவார்களாம்.

போன வருடமும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 240 பேரை ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்தார்கள். காலையில் பலூன் ஊதும் விளையாட்டு, செய்தித்தாளில் கோபுரம் கட்டும் போட்டி. மதியம் விளக்கை அணைத்து, மெதுவாகப் பாட்டுப் போட்டு, 'உங்கள் அப்பாவின் செருப்பு தேய்ந்திருப்பதை என்றாவது பார்த்தீர்களா' என்று ஆரம்பித்தார் பேச்சாளர். பாதி ஹால் அழுதது. மறைப்பானேன், நானும்தான் அழுதேன். அன்று இரவு அப்பாவுக்கு போன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அவர் பயந்துபோய் 'என்னடா ஆச்சு' என்றார். ஆனால் மறுநாள் என் ரெஸ்யூமேயில் ஒரு வரிகூட மாறவில்லை.

வேலையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டில் யாராவது உங்களுக்கு எதைச் சொல்லித் தந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும்?

பழைய_மெக்கானிக்கல் | செவ்வாய், இரவு 11.20

தம்பி, ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 11 வருடமாக இருக்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணல் குழுவில் என்னையும் உட்கார வைப்பார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: 'உங்கள் ப்ராஜெக்டில் நீங்கள் கையால் செய்தது எது?' ஒரே குழுவில் இருந்து நாலு பேர் வருவார்கள். நாலு பேரும் 'வீ டிசைன்டு, வீ ஃபேப்ரிகேட்டட்' என்று ஒரே பாட்டைப் பாடுவார்கள். அந்த ப்ராஜெக்டை எந்தக் கடையில் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பது மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும்.

ஒருத்தன் மட்டும், 'சார், வெல்டிங்கை வெளியில் கொடுத்தோம். பேரிங் அளவு தப்பாகப் போய்விட்டது, அதைத் திருப்பிக் கொடுத்து மாற்றியது நான்' என்றான். அவனை எடுத்தோம்.

தலைமைப் பண்பு என்ற வார்த்தையையே தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அது யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. அந்த நேரத்தில், வேலைக்குப் போக என்னென்ன கதவு இருக்கிறது என்று சொல்லுங்கள். கேம்பஸுக்கு வரும் ஐடி கம்பெனி மட்டும்தான் வேலை என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாட்ஸ் எனப்படும் தேசிய அப்ரெண்டிஸ் திட்டம் இருக்கிறது. அதன் தென் மண்டல அலுவலகம் நம் தரமணியிலேயே இருக்கிறது. படித்து முடித்ததும் ஒரு வருடம் தொழிற்சாலையில் பயிற்சி. 2019 விதியில் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000, டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று இருந்தது. பெரிய காசு இல்லைதான். ஆனால் 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா' என்ற கேள்விக்கு வாயடைத்து நிற்க வேண்டாம். எம்.டெக் சேர்க்கைக்கும் சில பொதுத்துறை வேலைக்கும் கேட்கிற கேட் தேர்வை 2021 முதல் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். இது தெரியாமல் நாலாம் வருடம் முடிந்த பிறகு கோச்சிங் தேடி அலைகிறவர்கள் எத்தனை பேர்!

மைக்_பிடிப்பவன் | புதன், காலை 6.55

நான் அந்த அழ வைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ஒன்பது வருடமாகக் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். திட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் பார்த்துவிடுங்கள்.

240 பேரை ஒரே ஹாலில் கொடுக்கிறார்கள். ஆளுக்குப் பத்தே நிமிடம் மாக் இன்டர்வியூ (ஒத்திகை நேர்காணல்) எடுத்தாலும் 40 மணி நேரம். என்னிடம் இருப்பது உணவு இடைவேளை போக ஐந்து மணி நேரம். அதில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, முதல்வர் உரை என்று முக்கால் மணி போய்விடும். மீதி நேரத்தில் 240 பேரைத் தூங்காமல் வைத்திருக்க பலூனும் அப்பாவும்தான் கை கொடுக்கிறார்கள். இன்னொன்று, அந்த 35,000 முழுக்கப் பேச்சாளருக்கு வருவதில்லை. என் கைக்கு வருவது ஒரு நாளைக்கு 5,000. மிச்சம் ஏஜென்சிக்கு.

போன மாதம் ஒரு கல்லூரியில் 50 பேர் மட்டும் போதும் என்று கேட்டேன். 'அவ்வளவு காசு கொடுத்து 50 பேருக்கா? செகண்ட் இயரையும் சேர்த்து உட்கார வைக்கிறோம் சார்' என்றார்கள்.

நெறியாளர் | புதன், காலை 8.10

இழையில் ஒருவர் பயிற்சி நிறுவனத்தின் பெயரையும் போன் எண்ணையும் போட்டிருந்தார், நீக்கியிருக்கிறேன். விளம்பரம் வேண்டாம்.

வகுப்பறைக்கு_வெளியே | புதன், மதியம் 1.15

உதவிப் பேராசிரியர், துறையின் பிளேஸ்மென்ட் ஒருங்கிணைப்பாளரும் நானே. மைக் பிடிக்கும் சார் சொன்ன 'செகண்ட் இயரையும் சேர்த்து' ஏன் நடக்கிறது என்று உள்ளே இருந்து சொல்கிறேன்.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்கு நாங்கள் தயாரித்த அறிக்கையில் ஐந்தாம் அளவுகோல் மாணவர் ஆதரவும் முன்னேற்றமும். அதில் 5.1.3 என்ற இடத்தில் மென்திறன், மொழி மற்றும் தகவல் தொடர்புத் திறன், யோகா உள்ளிட்ட வாழ்க்கைத் திறன், கணினித் திறன் ஆகியவற்றுக்கு என்ன நிகழ்ச்சி நடத்தினோம் என்று காட்ட வேண்டியிருந்தது. காட்டுவது என்றால் சுற்றறிக்கை, வருகைப் பதிவு, ஜியோ டேக் போட்ட (எடுத்த இடம் பதிவான) போட்டோ, அறிக்கை. அந்த நிகழ்ச்சியால் ஒரு பையனுக்காவது வாய் திறந்ததா என்று கேட்க அதில் கட்டம் கிடையாது. போட்டோவில் ஹால் நிறைந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஃபீட்பேக் ஃபார்மை வாங்கி வைத்துவிடுவோம், சாப்பிட்ட பிறகு யார் இருப்பார்கள்? இதையெல்லாம் நானே செய்திருக்கிறேன், அதனால் யாரையும் குறை சொல்லவில்லை.

தம்பிக்கு ஒரு யோசனை. எச்ஓடியிடம் போய் 'போன வருடத்தது வீண்' என்று ஆரம்பிக்காதீர்கள். போட்டோ, வருகைப் பதிவு, அறிக்கை மூன்றையும் நானே தருகிறேன், நிகழ்ச்சியை எங்கள் விருப்பப்படி நடத்த விடுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார். அப்புறம், தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டத்தில் உங்களுக்குக் கிரெடிட்டோடு படிப்புகள் வருகின்றன. அதில் ஏற்கெனவே சொல்லித் தந்ததையே மறுபடி வைக்காதீர்கள்.

சாப்பாட்டுப்_பொறுப்பு | புதன், இரவு 9.30

பழைய மெக்கானிக்கல் அண்ணா சொன்னதில் பாதி சரி. சொல்லிக் கொடுத்து வராது, ஆனால் மாட்டிக்கொண்டால் வரும். என் கதை இது.

எங்கள் துறை சிம்போசியத்தில் (மற்ற கல்லூரி மாணவர்களும் வரும் போட்டி விழா) எனக்குச் சாப்பாட்டுக் கமிட்டி. மேடை, மைக், பிளேசர் எல்லாம் வேறு ஆட்கள். 320 பேர் பதிவு செய்தார்கள், 320 டோக்கன் அடித்தோம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. நம்பர் கிடையாது, சீல் கிடையாது. பதினொரு மணிக்கே யாரோ ஒரு மகானுபாவர் கல்லூரி வாசல் கடையில் ஜெராக்ஸ் போட்டுவிட்டார். ஒன்றரை மணிக்கு பிரியாணி அண்டா காலி, வெளியே நூறு பேர் டோக்கனோடு நிற்கிறார்கள். அவர்களில் உண்மையான டோக்கன் யாருடையது என்று எப்படிச் சொல்வது? வெளியூரில் இருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த பெண்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

விசாரணை எல்லாம் அப்புறம் என்று முடிவு செய்தேன். ஒருத்தனை பைக்கில் பக்கத்து மெஸ்ஸுக்கு அனுப்பித் தக்காளி சாதம் இருப்பதை எல்லாம் எடுக்கச் சொன்னேன். இன்னொருத்தியை வரிசைக்குப் போய், 'இருபது நிமிடம் ஆகும், எல்லோருக்கும் உண்டு' என்று சொல்லச் சொன்னேன். காசுக்கு என் பரீட்சைக் கட்டணத்தில் கை வைத்தேன். பிறகு சங்கக் கணக்கில் அதை வாங்க ஒன்றரை மாதம் பில்லோடு நடந்தேன், அது தனி வேதனை.

இரண்டு வருடம் கழித்து ஒரு மென்பொருள் நிறுவன நேர்காணலில் 'நெருக்கடியான நேரத்தில் என்ன செய்தீர்கள்' என்று கேட்டார்கள். ப்ராஜெக்டைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, இந்தத் தக்காளி சாதத்தைத்தான் சொன்னேன். அந்த அம்மா நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில், 'அடுத்த வருடம் டோக்கனை எப்படி அடித்தீர்கள்?' என்றார். நம்பர் போட்டு, சீல் வைத்து, சாப்பிடும்போது கிழித்து வாங்கினோம் என்றேன். வேலை கிடைத்தது.

கிண்டியில் குருக்ஷேத்ரா, சென்னை ஐஐடியில் சாஸ்த்ரா, திருச்சி என்ஐடியில் பிரக்யான், இந்தத் தொழில்நுட்ப விழாக்களையெல்லாம் ஏற்று நடத்துவது மாணவர்கள்தான். அங்கே படித்தவர்களின் தைரியத்துக்கு மதிப்பெண் மட்டும் காரணமில்லை, லட்சக்கணக்கில் காசைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் இருந்ததும்தான் என்பது என் எண்ணம். நம் கல்லூரிகளில் பேராசிரியரே எல்லாம் செய்துவிட்டு நமக்கு பேட்ஜ் மட்டும் குத்திவிடுகிறார்கள்.

நட்டும்_போல்ட்டும் | புதன், இரவு 11.05

அண்ணாக்களே, ஒரு நிமிடம். 'மாட்டிக்கொண்டால் வரும்' என்கிறீர்கள். மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது?

நானும் மெக்கானிக்கல்தான், வகுப்பில் 64 பேரில் நாங்கள் ஐந்து பெண்கள். எங்கள் விடுதிக் கதவை மாலை ஆறரைக்குப் பூட்டுவார்கள். சிம்போசியம் கமிட்டி கூட்டம் பையன்கள் விடுதி வாசலில் டீக்கடையில் இரவு எட்டு மணிக்கு. மறுநாள் வந்து 'உங்களுக்கு வரவேற்பும் கோலமும் ஒதுக்கியிருக்கிறோம்' என்பார்கள். நாலு வருடம் பன்னீர் தெளித்தேன். மத்திய அரசு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போட்டியில் ஆறு பேர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதிக்காகவே என்னைச் சேர்த்தார்கள், பிபிடி செய்யச் சொன்னார்கள். நல்ல எழுத்துருவாகத் தேர்ந்தெடுத்தேன் என்று பாராட்டினார்கள்.

வேலைக்குப் போன பிறகு ஷிப்டில் 18 ஆட்கள், எல்லோரும் என்னைவிட வயதில் மூத்தவர்கள். முதல் மாதம் தினமும் அழுகை. பக்கத்து லைனில் இருந்த ஒரு சூப்பர்வைசர் அண்ணன்தான் கற்றுக்கொடுத்தார்: ஷிப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிடம் நின்றுகொண்டே பேசு, நேற்று என்ன நின்றது, இன்று யார் எதைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பெரியவரிடம் 'செய்யுங்கள்' என்று சொல்லாதே, 'இதை எப்போது முடிக்கலாம் அண்ணே' என்று கேள், அவர் வாயால் நேரம் வரட்டும், அதை எழுதிக்கொள். தப்பு நடந்தால் எல்லோர் முன்னாலும் கேட்காதே. இதெல்லாம் பிறவிக் குணமா? அரை நாளில் சொல்லிக் கொடுத்து, நடித்துப் பழக வைக்கக்கூடிய விஷயம். எனவே 'தலைமை சொல்லிக் கொடுத்து வராது' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பலூன் ஊதினால் வராது, அவ்வளவுதான்.

பழைய_மெக்கானிக்கல் | வியாழன், காலை 7.40

சரி தாயே, திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்த 'எப்போது முடிக்கலாம் அண்ணே' எனக்கே தெரிந்துகொள்ள நாலு வருடம் ஆனது.

ஏழரை_சதவீதம் | வியாழன், மாலை 5.50

பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் வந்தவன். இப்போது இறுதி ஆண்டு. பன்னிரண்டு வரை எல்லாம் தமிழில் படித்தேன்.

இந்தப் பயிலரங்குகளில் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்று ஒரு பதிலை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். ஹாலில் எல்லோரும் 'ஐ ஆம் எ ஹார்டு வொர்க்கர், மை ஸ்ட்ரெங்த் இஸ் செல்ஃப் கான்ஃபிடன்ஸ்' என்று எழுதுவார்கள். குரூப் டிஸ்கஷன் என்றால் வேகமாக இங்கிலீஷ் பேசுகிற நாலு பேர் பேசுவார்கள், நான் தலையாட்டுவேன்.

எனக்கு உதவியது எங்கள் சீனியர் அக்கா ஒருவர். என் ப்ராஜெக்டை முதலில் தமிழில் விளக்கச் சொன்னார். விளக்க முடியவில்லை! அப்போதுதான் எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, விஷயமும் புரியவில்லை என்று தெரிந்தது. தமிழில் ஓட்டமாகச் சொல்ல வந்த பிறகு, அதே வரிசையில் பதினைந்து சின்ன இங்கிலீஷ் வாக்கியம் எழுத வைத்தார். போன வாரம் ஒரு நேர்காணலில் அதைத்தான் சொன்னேன். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் முதல் தடவையாக உள்ளங்கை வேர்க்கவில்லை.

செயலர் தம்பி, மாக் இன்டர்வியூ வைத்தால் முதல் சுற்று தமிழில் வையுங்கள். மேடையில் வேண்டாம், தனி அறையில்.

பேரோல்_அக்கா | வியாழன், இரவு 8.25

ஒரு மணி நேரம் ஆஃபர் லெட்டர் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். சம்பளக் கணக்கு போடுவதுதான் என் வேலை. ஒவ்வொரு வருடமும் முதல் மாதச் சம்பளத்தன்று புதுப் பிள்ளைகள் முகம் தொங்கிப்போய் வந்து நிற்பார்கள்.

உதாரணத்துக்கு ஆண்டுக்கு 3,60,000 சிடிசி (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று வையுங்கள். வீட்டில் மாதம் 30,000 என்று சொல்லியிருப்பார்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம், 1,800 ரூபாய், அந்த 30,000-க்குள்தான் இருக்கிறது. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று சுமார் 720. வேரியபிள், அதாவது வேலைத் திறனைப் பார்த்துத் தரும் பங்கு, பத்து சதவீதம் என்றால் 3,000, அது மாதாமாதம் வராது. மிச்சம் 24,480. அதில் உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,800 பிடிப்பார்கள். தொழில் வரி ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500. கடைசியில் கைக்கு வருவது 22,500-ஐ ஒட்டி. யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் கடிதத்தில் எழுதியே இருக்கிறது. படிக்கத்தான் யாருமில்லை.

பாண்ட் (இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்ற ஒப்பந்தம்) என்று இருந்தால் எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்று பார்க்கச் சொல்லுங்கள். அசல் சான்றிதழைக் கேட்டால் ஏன், எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்கிற பிள்ளையைத்தான் நான் தலைவர் என்பேன்.

மைக்_பிடிப்பவன் | வியாழன், இரவு 10.15

தம்பி, எனக்கே வாய்ப்புப் போகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். ஏஜென்சி வேண்டாம். உங்கள் துறையில் மூன்று, நாலு வருடம் முன் படித்து முடித்தவர்களில் நாலு பேரைப் பிடியுங்கள். ரொம்பப் பெரிய பதவியில் இருக்கிறவர் வேண்டாம், அவர் தன் கதையைச் சொல்லவே மதியம் ஆகிவிடும். ஆளை 60-க்கு மேல் ஏற்றாதீர்கள். சான்றிதழ் கிடையாது என்று முன்பே அறிவித்துவிடுங்கள், வேண்டியவர்கள் மட்டும் வருவார்கள்.

சங்கச்செயலர் | 24 நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9.05

எல்லோருக்கும் நன்றி. நேற்று முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எச்ஓடியிடம் பேராசிரியர் சொன்ன மாதிரியே போனேன். போட்டோவில் கூட்டம் தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டார். சின்ன செமினார் ஹாலாக எடுத்தோம், 47 பேரே நிறைந்து தெரிந்தார்கள். (பதிவு செய்தது 60. சான்றிதழ் இல்லை என்றதும் 13 பேர் கழன்றுகொண்டார்கள்.) இரண்டு நாளை ஒரு நாள் ஆக்கினோம்.

காலையில் ஆஃபர் லெட்டர். பெயரை அழித்துவிட்டு ஒரு மாதிரிக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். கையில் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடச் சொன்னபோது 47 பேரில் சரியாகச் சொன்னது மூன்று பேர். ஒருத்தன் 30,000-க்கு மேலே சொன்னான், போனஸ் சேர்த்தானாம். அப்புறம் நட்டும் போல்ட்டும் அக்கா சொன்ன ஷிப்ட் கூட்டத்தை நடிக்க வைத்தோம். எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணனையே மூத்த தொழிலாளியாக உட்கார வைத்தோம். மனிதர் பிய்த்து உதறிவிட்டார். யார் வந்து பேசினாலும் 'பார்க்கலாம் தம்பி' என்று ஒரே பதில். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்திதான் அவரிடம் 'நாலு மணிக்குள்' என்ற வார்த்தையை வாங்கினாள்.

மாக் இன்டர்வியூவில் சொதப்பினேன். நாலு சீனியர்கள், ஆளுக்கு 12 நிமிடம், இரண்டரை மணி நேரத்தில் முடியும் என்று போட்டிருந்தேன். தமிழில் ஒரு சுற்று, இங்கிலீஷில் ஒரு சுற்று என்றதும் ஒவ்வொருவருக்கும் 20 நிமிடம் ஓடியது. ஆறு மணிக்கு இன்னும் ஒன்பது பேர் பாக்கி. அதில் நாலு பேர் விடுதிப் பெண்கள். வார்டனிடம் ஏழரை வரை முன்பே கடிதம் வாங்கி வைத்திருந்தேன், நட்டும் போல்ட்டும் அக்கா எழுதியதால்தான் அது தோன்றியது. மற்ற ஐந்து பேர் டே ஸ்காலர்கள், கடைசி காலேஜ் பஸ்ஸுக்காகப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அடுத்த சனிக்கிழமை போனில் எடுப்பதாகச் சீனியர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

செலவு 13,850 ரூபாய். சீனியர்கள் பஸ் செலவு, சாப்பாடு, ஜெராக்ஸ், டீ. மீதி 26,150. அதில் ஒரு பங்கை வைத்து இந்த வருட சிம்போசியத்தை மாணவர்கள் கையிலேயே கொடுங்கள் என்று எச்ஓடியிடம் கேட்டிருக்கிறேன். யோசிப்பதாகச் சொன்னார். பொருளாளராக அந்த 'நாலு மணிக்குள்' பெண்ணின் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

நட்டும்_போல்ட்டும் | ஞாயிறு, இரவு 9.40

பொருளாளரா? அப்படியென்றால் கமிட்டிக் கூட்டத்தை மாலை நாலரைக்கு வகுப்பறையில் வையுங்கள். டீக்கடை வேண்டாம்.

ஏழரை_சதவீதம் | ஞாயிறு, இரவு 10.02

எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்தது செவ்வாய்க்கிழமை. அதே பதினைந்து வாக்கியம், இரண்டை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சாப்பாட்டுப்_பொறுப்பு | ஞாயிறு, இரவு 10.30

ஏழரை தம்பி, ப்ராஜெக்ட் வாக்கியங்களை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். திங்கள் இரவு ஒரு தடவை பேசிப் பார்த்துவிடலாம்.

செயலரே, முக்கியமான விஷயத்தைச் சொல்லவே இல்லை. டோக்கன்?

சங்கச்செயலர் | ஞாயிறு, இரவு 10.38

நம்பர் போட்டு, துறை சீல் வைத்து, கிழித்து வாங்கினோம் அண்ணா. விருந்தினர், ஆசிரியர், அட்டெண்டர் அண்ணன் எல்லாம் சேர்த்து 55 பேர். போனது 61 சாப்பாடு. அந்த ஆறு யார் என்று இன்னும் தெரியவில்லை.